எல்.இ.டி. விளக்கு: டெல்டா வீட்டுக்கு எதைப் பார்த்து வாங்குவது?

மன்னார்குடிப் பக்கம் வயலை ஒட்டி 1,200 சதுர அடியில் வீடு கட்டி, வயரிங் முடியும் தறுவாயில் இருக்கிறீர்கள். கடைக்குப் போனால் 9 வாட், 12 வாட், கூல் டே, வார்ம், பேனல், சி.ஓ.பி. என்று அடுக்குகிறார்கள், எதை எடுப்பது என்று தெரியவில்லை. பக்கத்திலேயே இருக்கும் அப்பா காலத்து ஓட்டு வீட்டில் மாட்டிய பல்புகள் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை. இதோடு திருபுவனத்தில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் உங்கள் அக்காவுக்கும் விளக்கு சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டது இவ்வளவும். கும்பகோணம், மாயவரம், திருவாரூர் என்று இந்தப் பக்கத்திலேயே வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பல்பு போகிற கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். அது புரிந்துவிட்டால் வாங்குகிற வேலை பாதி முடிந்த மாதிரி.

செத்துப்போன ஒரு 9 வாட் பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றி, அதன் வெள்ளை மூடியை நெம்பி எடுத்துப் பாருங்கள். உள்ளே வட்டமாக ஒரு அலுமினியத் தகடு, அதன்மேல் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் எட்டோ பத்தோ இருக்கும். அவைதான் எல்.இ.டி. உண்மையில் அவை விடுவது நீல ஒளி. மேலே பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். அது இருக்கட்டும். சதுரங்களில் ஏதாவது ஒன்றில் மட்டும் கறுப்புப் புள்ளி தெரிகிறதா? எல்லாவற்றையும் சீரியலாகக் கோத்திருப்பார்கள், அதனால் ஒன்று அறுந்தால் மொத்தமும் அணைந்துவிடும். புள்ளி எதுவும் இல்லையென்றால் போனது டிரைவர். கபாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் அப்படித்தான் இருக்கும்.

டிரைவர் என்பது 230 வோல்ட் ஏ.சி.யை எல்.இ.டி.க்கு வேண்டிய அளவான டி.சி.யாக மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட். நம் பகுதியில் பல்பு போவதற்குக் காரணம் அநேகமாக இதற்குள்தான் இருக்கும், அல்லது இது சரியில்லாததால் எல்.இ.டி. அடி வாங்கியிருக்கும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தனி போர்டில் காயில், ஐ.சி., கபாசிட்டர் எல்லாம் வைத்த டிரைவர். இன்னொன்று, எல்.இ.டி. இருக்கிற தகட்டின் மேலேயே ஒரு சின்ன ஐ.சி.யை ஒட்டிவிடும் டி.ஓ.பி. வகை. விலை குறைந்த பல்புகளில் நிறைய இரண்டாவது வகைதான். அது கூடுதலாக வரும் வோல்டேஜை வெப்பமாக்கித் தள்ளுகிறது, அந்த வெப்பம் பக்கத்தில் இருக்கும் எல்.இ.டி.யையே சுடுகிறது. வோல்டேஜ் குறைந்தாலோ வெளிச்சம் மங்கிவிடும்.

இப்போது நம்மூர் கரண்டை நினைத்துப் பாருங்கள். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பத்து பம்புசெட் ஓடும்போது லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு வோல்டேஜ் இறங்கும். மோட்டார்கள் நின்றதும் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது லைனில் நொடிக்கும் குறைவான நேரத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்து போகும். இதையெல்லாம்விட மோசமானது நியூட்ரல் கட். தென்னை மட்டை விழுந்தோ, ஜாயின்ட் துருப்பிடித்தோ நியூட்ரல் விட்டுப்போனால் சில வீடுகளுக்கு 230-க்குப் பதில் 400-ஐ நெருங்கி வரலாம். தெருவில் ஒரே ராத்திரியில் எல்லார் வீட்டிலும் பல்பும் செட்டாப் பாக்ஸும் போனது என்று கேள்விப்பட்டால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். பல்பு கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அதனால் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும்போது வாட்டுக்கு முன்னால் வோல்டேஜ் வரம்பைப் பாருங்கள். 100 முதல் 300 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் நம் ஊருக்கு ஏற்றது. 220–240 என்று மட்டும் இருந்தால் வேண்டாம். இடி நேரத்தில் பாயும் அந்தத் திடீர் வோல்டேஜை, அதாவது சர்ஜை, எவ்வளவு தாங்கும் என்பதையும் சில பெட்டிகளில் கிலோவோல்ட்டில் போடுவார்கள். வீட்டுக்குள் 2.5 போதும், 4 இருந்தால் நல்லது. புது வீட்டில் டி.பி. பெட்டி, அதாவது கரண்டை அறை அறையாகப் பிரித்து அனுப்பும் பெட்டி, இன்னும் மாட்டவில்லை என்றால் அதிலேயே ஒரு சர்ஜ் அரெஸ்டரும், வோல்டேஜ் எல்லை தாண்டினால் தானே துண்டிக்கிற ஓவர் வோல்டேஜ் ரிலேவும் வைக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாமல் சர்ஜ் அரெஸ்டர் மட்டும் வைத்தால் பெரிய பயன் இல்லை, எர்த்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். விளக்கை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதற்கு இந்தச் செலவு எவ்வளவோ மேல். ஃபிரிட்ஜும் டி.வி.யும் சேர்ந்து பிழைக்கும்.

ஓட்டு வீட்டில் ஆறு மாதத்தில் போவதற்கு வெப்பமும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வீட்டில் பல்புகளைப் பழைய கண்ணாடி குளோபுக்குள் மாட்டியிருக்கிறீர்களா? குண்டு பல்பு சூட்டைத் தாங்கும், ஏனென்றால் அது எரிவதே சூட்டில்தான். எல்.இ.டி. பல்புக்குக் காற்று வேண்டும். எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டரின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்கிறவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. கத்திரி வெயிலில் ஓட்டுக்குக் கீழே, மூடிய குளோபுக்குள்ளே, ராத்திரி பத்து மணிக்கும் அது வெந்துகொண்டுதான் இருக்கும். குளோபை எடுத்துவிடுங்கள், அல்லது வாட்டைக் குறைத்து மாட்டுங்கள்.

பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். வெளிச்சம் முதலில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறைய ஆகும் காலத்தைத்தான் ஆயுள் என்று குறிப்பது வழக்கம். அது எல்.இ.டி.யைப் பற்றிய கணக்கு. டிரைவர் அதுவரை உயிரோடு இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வாரண்டி எத்தனை வருடம் என்பதுதான் கம்பெனி தன் டிரைவரை எவ்வளவு நம்புகிறது என்பதைக் காட்டும்.

இனி வெளிச்சத்தின் அளவு. பம்புசெட் எத்தனை குதிரைத்திறன் என்பது போன்றது வாட், வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பது போன்றது லூமன். நமக்கு வேண்டியது தண்ணீர். பழைய 60 வாட் குண்டு பல்பு 700 லூமன் அளவுக்குக் கொடுத்தது. இன்றைய 9 வாட் எல்.இ.டி. சுமார் 900 கொடுக்கிறது. 20 வாட் பேட்டன், அதாவது கடையில் எல்.இ.டி. ட்யூப் லைட் என்று கேட்டால் கொடுப்பது, 2,000 லூமன். சாதாரணமாக வாட்டுக்கு 100 லூமன் வர வேண்டும். வாட்டுக்கு 70, 80 வந்தால் அது பழைய சரக்கு அல்லது மட்டச் சரக்கு. லூமனே போடாத பெட்டியைக் கையில் எடுக்காதீர்கள்.

உங்கள் 10-க்கு 12 அறையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 சதுர அடி என்பது சுமார் 11 சதுர மீட்டர். சும்மா புழங்க 100 லக்ஸ் இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன். ஆக 1,100 லூமன் தரைமட்டத்துக்கு வந்து சேர வேண்டும். சுவரும் கூரையும் போக ஏறத்தாழ பாதிதான் கீழே வரும் என்று வைத்துக்கொண்டால், விளக்கிலிருந்து 2,200 புறப்பட வேண்டும். ஒரு 20 வாட் பேட்டன், இல்லையென்றால் 22 வாட். அவ்வளவுதான். இதே அறையில் சுவர் வெள்ளையாக இல்லாமல் அடர் நிறம் அடித்தால், அல்லது பழைய வீடு மாதிரி கறுத்த மரச் சட்டமும் சிவப்புத் தரையுமாக இருந்தால், பாதிகூட வராது. உங்கள் ஓட்டு வீட்டில் என்ன பல்பு போட்டாலும் இருட்டாகவே இருக்கிறது என்றால், பல்பைப் பெரிதாக்குவதைவிடக் கீழே இறக்கிச் சுவரோரம் மாட்டிப் பாருங்கள். பதினைந்து அடி உயரத்தில் உத்தரத்தில் தொங்கும் பல்பு முக்கால்வாசி ஓட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

படிக்கிற மேசையிலும் சமையல் மேடையிலும் 300 லக்ஸாவது வேண்டும். அதற்காக அறை முழுவதையும் அந்த அளவுக்கு ஏற்ற வேண்டாம். மேசைக்கு ஒரு ஸ்டடி லேம்ப், மேடைக்கு மேலே இருக்கும் கப்போர்டின் அடியில் ஒரு 5 வாட் பேட்டன். கூரை நடுவில் மட்டும் விளக்கு இருக்கும் சமையலறையில் காய் நறுக்குகிறவரின் நிழல் அவர் கத்தியின் மேலேயே விழும். வயரிங் நேரத்தில் ஒரு பாயின்ட் கூடுதலாக இழுத்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது. பூச்சு முடிந்த பிறகு சுவரை வெட்ட வேண்டியிருக்கும்.

நிறத்துக்கு வருவோம். கெல்வின் எண்தான் அதைச் சொல்லும். 2,700, 3,000 என்றால் குண்டு பல்பு மாதிரி மஞ்சள் கலந்த வார்ம், 4,000 என்றால் இடைப்பட்ட நேச்சுரல், 6,500 என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை, அதாவது கூல் டே லைட். நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே கையில் கொடுப்பது 6,500. ட்யூப் லைட்டில் வளர்ந்த நமக்கு வெள்ளை என்றால் பளிச், மஞ்சள் என்றால் மங்கல் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் ஒரே லூமன் கொண்ட இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லக்ஸ் மீட்டரில் பார்த்தால் ஒன்றுதான் காட்டும். என் அபிப்பிராயம்: ஹாலுக்கும் சமையலறைக்கும் 4,000, படுக்கையறைக்கும் திண்ணைக்கும் பூஜை அறைக்கும் 2,700 அல்லது 3,000. குத்துவிளக்குச் சுடரின் நிறம் 2,000 கெல்வினுக்கும் கீழே. அதன் தலைக்கு மேலே 6,500-ஐ மாட்டினால் சுடர் வெளுத்துப்போகிறது, சாமி படத்தின் முகமும் சேர்ந்து வெளுக்கிறது. படுக்கையறைக்கு வார்ம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீலம் கூடிய ஒளி, தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடுகிறது.

வயலை ஒட்டிய வீடு என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வாசல் விளக்கின் நிறம் ஹாலைவிட முக்கியம். சம்பா நிற்கும் நாட்களில் சாயங்காலம் விளக்கைப் போட்டதும் பச்சைத் தத்துப்பூச்சி எப்படி மொய்க்கும் என்று உங்களுக்கே தெரியும். சாப்பாட்டுத் தட்டில், சட்டைக் காலருக்குள் எங்கும் அதுதான். மழை விட்ட ராத்திரியில் ஈசல் வேறு. வயலில் விளக்குப்பொறி வைத்துப் பூச்சி பிடிப்பதும் இதே குணத்தை நம்பித்தான். பூச்சிகளை அதிகம் இழுப்பது புற ஊதாவும் நீலமும். எல்.இ.டி.யில் புற ஊதா அநேகமாக இல்லை, அந்த மட்டில் பழைய ட்யூபைவிட நல்லது. ஆனால் 6,500-இல் நீலம் நிறைய இருக்கிறது. வாசலுக்கு 2,700 கெல்வினில் 5 வாட் போதும், அதையும் கதவுக்கு நேர் மேலே வைக்காமல் சற்றுத் தள்ளித் தூணில் வையுங்கள். பூச்சி அடியோடு நிற்காது, வீட்டுக்குள் வருவது நன்றாகவே குறையும். நாகப்பட்டினம் கடற்கரையோரம் வீடோ விடுதியோ கட்டுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், அங்கே காரணம் வேறு. முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்குப் போகும், கரையில் வெள்ளை விளக்கு எரிந்தால் திசை மாறி மேலே ஏறிவிடும். கடலைப் பார்க்காமல் கீழ்நோக்கி மறைத்த அம்பர் விளக்குதான் அங்கே சரி.

அக்கா கடைக்கு வருகிறேன். பட்டுக்கடையில் வாடிக்கையாளர் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார் என்றால் கடை விளக்கு சரியில்லை என்று அர்த்தம். இங்கே பார்க்க வேண்டியது சி.ஆர்.ஐ. சூரிய ஒளியிலோ குண்டு பல்பிலோ தெரிகிற நிறத்துக்கு எவ்வளவு பக்கத்தில் காட்டுகிறது என்பதை 100-க்கு மதிப்பெண் போட்டுச் சொல்வது அது. சாதாரண எல்.இ.டி. 80. வீட்டுக்கு அது போதும், பட்டுக்குப் போதாது. அந்த 80 என்பது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி, அடர் சிவப்பு அதில் சேர்த்தியே இல்லை. அடர் சிவப்புக்கு ஆர்-9 என்று தனி எண் இருக்கிறது. 80 மதிப்பெண் வாங்கிய விளக்கில் ஆர்-9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இருக்கும். அதனால்தான் அரக்கு நிறச் சேலை கடையில் காப்பிக்கொட்டை நிறமாகத் தெரிந்து, வீட்டுக்குப் போனதும் வேறாகத் தெரிகிறது. சி.ஆர்.ஐ. 90-க்கு மேல், ஆர்-9 50-க்கு மேல் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். விலை கூடுதல்தான். கடை முழுக்க வேண்டாம், சேலை விரித்துக் காட்டும் மெத்தைக்கு மேலேயும் கண்ணாடி முன்னாலும் இருந்தால் போதும். அங்கே 4,000 கெல்வின். ஷோகேஸில் ஜரிகை மின்ன 3,000-இல், 24 அல்லது 36 டிகிரி கோணத்தில் ஒளியைக் குவித்து அடிக்கும் ஸ்பாட். வாங்குமுன் ஒரு அரக்குச் சேலையையும் ஒரு மாம்பழ மஞ்சளையும் கடைக்கு எடுத்துப்போய் விளக்கின் கீழே பிடித்துப் பார்த்து, அப்படியே வெயிலிலும் பார்த்துவிடுவது எந்த எண்ணையும்விட நம்பகமானது.

அங்கே மினுக்கலையும் சோதியுங்கள். மட்டமான டிரைவர் உள்ள விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலி வரும். செல்போன் கேமராவைப் பக்கத்தில் பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். வீடியோ காலில் சேலை காட்டி விற்கிற காலத்தில் அந்தப் பட்டை வியாபாரத்துக்கே ஆகாது.

வீட்டுக்கு ஃபால்ஸ் சீலிங் போடப்போகிறீர்களா என்று சொல்லவில்லை. போட்டால் சி.ஓ.பி. ஸ்பாட்டுகளை, அதாவது எல்.இ.டி.க்களை ஒரே இடத்தில் நெருக்கி வைத்துக் குவித்து அடிக்கும் விளக்குகளை, வரிசையாக அடுக்காதீர்கள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் நேரே கண்ணைக் குத்தும், அறையின் மூலையெல்லாம் இருட்டு. பேனல் போடுவதானால், சதுரத்தின் ஓரத்தில் எல்.இ.டி. வைத்த மெல்லிய வகையைவிட, பின்னால் பரப்பி வைத்த பேக்லிட் வகை சிறந்தது. ஓர வகையில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் நாளடைவில் மஞ்சளாகி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். ஸ்ட்ரிப் லைட் அழகுக்குத்தான். அதன் டிரைவரைக் கையெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஜிப்சத்துக்கு உள்ளே புதைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அது போகும் அன்று சீலிங்கை உடைக்க வேண்டும். என்னைக் கேட்டால், சாதாரண 20 வாட் பேட்டனுக்கு நிகராகப் பராமரிக்க எளிதான விளக்கு கிடையாது. அழகில்லை என்று இன்டீரியர் செய்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. மெல்ல மினுங்குகிறதா? ஓட்டு வீட்டில் அப்படி இருந்தால் அலட்சியமாக விடாதீர்கள். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாக ஒழுகும் கரண்டாக இருக்கலாம், அது ஆபத்தில்லை. இல்லையென்றால் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அணைத்துவிட்டோம் என்று பல்பு மாற்றப் போகிறவர் கையில் கரண்ட் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 18 யூனிட், 9 வாட் எல்.இ.டி. 2.7 யூனிட். 2015 ஜனவரியில் எல்.இ.டி. பல்பை மலிவாகக் கொடுக்கும் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்து விலை இறங்கிய பிறகு குண்டு பல்புக்குத் திரும்புகிறவர் யாரும் இல்லை. ஆனால் 9 வாட்டை 7 ஆக்கி மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண். உங்கள் வீட்டில் தினம் 12 மணி நேரம் சுற்றும் 75 வாட் ஃபேன் ஒன்றே இரண்டு மாதத்துக்கு 54 யூனிட் தின்கிறது. அதை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக, அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்த ஃபேனாக, மாற்றினால் 22 யூனிட்டுக்குள் வந்துவிடும். விளக்கில் மிச்சம் பிடித்தாகிவிட்டது, இனி ஃபேனைப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் வைத்தால், லைன் கரண்ட் மாதிரியே சீரான அலையாகக் கொடுக்கும் சைன் வேவ் வகையாக எடுங்கள். கஜா புயல் 2018 நவம்பரில் கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோது வாரக்கணக்கில் இருட்டில் இருந்த ஊர்கள் உங்கள் பக்கத்திலேயே உண்டு. அந்த மாதிரி நேரத்துக்கு இன்வெர்ட்டரும் தாங்காது. உள்ளே பேட்டரி வைத்த ரீசார்ஜ் பல்பு இரண்டு வாங்கி, சின்ன சோலார் பேனலில் சார்ஜ் ஏற்ற வழி செய்துகொள்வது நல்லது. அந்த பல்பைத் தினசரி விளக்காகப் போடாதீர்கள், சூட்டில் பேட்டரி சீக்கிரம் போய்விடும்.

வெளியே, மொட்டை மாடியில், மாட்டுக் கொட்டகையில் ஐ.பி. 65 போட்ட, அதாவது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாத விளக்கு. கொட்டகையில் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா சாதாரண பல்பின் உள்பக்கத்தை அரித்துவிடும். வேதாரண்யம், வேளாங்கண்ணிப் பக்கம் என்றால் உப்புக்காற்றுக்குப் பெயின்ட் அடித்த இரும்பு ஃபிட்டிங்கைவிட பாலிகார்பனேட் உடல் நீடிக்கும்.

கடைசியாக, வாங்கும்போது பெட்டியில் தரத்துக்கான பி.ஐ.எஸ். முத்திரையும் அதோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும், மின்சிக்கனத்துக்கான பி.இ.இ. நட்சத்திரமும் இருக்கிறதா என்று பாருங்கள். எடை போட்டு விற்கிற மாதிரி வண்டியில் குவித்து வைத்திருப்பதில் இவை இருக்காது. மொத்தமாக முப்பது பல்பு எடுக்குமுன் ஒன்றிரண்டு வாங்கி ஓட்டு வீட்டில், வோல்டேஜ் மோசமாக இருக்கும் அந்த இடத்திலேயே, ஒரு மாதம் எரியவிடுங்கள். மாட்டும் தேதியைப் பல்பின் கழுத்தில் மார்க்கரால் எழுதி, பில்லைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் மை சில மாதத்தில் மறைந்துவிடும், வாரண்டிக்குப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.